வெல்ல ஆலைக்குச் சட்டம் வரும்போது துணையும் வரவேண்டும்

மார்கழி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் வெல்ல ஆலைகள் இரவும் பகலும் ஓடத் தொடங்கும். பொங்கலுக்கு முன் சரக்கு மண்டிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர்களின் வண்டி ஆலைக்கொட்டகைக்கு வருவதும் பெரும்பாலும் இந்த நாள்களில்தான். ஹைட்ரோஸ் கைப்பற்றப்பட்டது, சர்க்கரை மூட்டைகள் பிடிபட்டன, இத்தனை டன் வெல்லம் முடக்கப்பட்டது என்ற செய்திகள் பல ஆண்டுகளாக நாளிதழ்களில் வந்துகொண்டிருக்கின்றன. இதைப் படிக்கும் நகரத்து மக்கள் வெல்லம் வாங்கத் தயங்குகிறார்கள். ஒரு குற்றமும் செய்யாத ஆலைக்காரரின் சிப்பமும் அந்த வாரத்தில் விலை இறங்கிப் போகிறது.

சோதனை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. மக்கள் உண்ணும் பொருளில் கலப்படத்தைப் பொறுத்துக்கொள்ள இயலாது. ஆனால் தண்டிக்கும் துறை மார்கழியில் ஆலைக்கு வருகிறது; கற்றுக்கொடுக்க வேண்டிய துறைகள் ஆண்டு முழுவதும் அந்த ஆலைப் பக்கம் வருவதில்லை. இதுவே குறை. கரும்பு வளர்க்கும் வரை வேளாண்மைத் துறை துணை நிற்கிறது. சாறு கொப்பரைக்கு ஏறியபின் விவசாயி தனியாளாகிவிடுகிறார்.

இங்கே நடைபெறும் தவறுகள் இரண்டு வகைப்பட்டவை என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வெள்ளைச் சர்க்கரையைப் பாகில் கொட்டி வெல்லமாக அச்சுப் பிடிப்பது வேண்டுமென்றே செய்யும் மோசடி. சர்க்கரை விலை வெல்ல விலையைவிடக் குறையும்போது இது தலைதூக்குகிறது. இதனால் முதல் அடி வாங்குபவர் உண்மையாகக் கரும்பு ஆட்டும் சிறு விவசாயியே. இவ்வகைக் குற்றத்துக்கு இரக்கம் காட்ட வேண்டியதில்லை.

ஹைட்ரோஸ் போடுவது அப்படிப்பட்டதன்று. மண்டியில் மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும் வெல்லத்துக்கு ஒரு விலையும், பழுப்பு வெல்லத்துக்கு அதைவிடக் குறைந்த விலையும் வைக்கப்படுகிறது. நிறத்தைப் பார்த்து விலை சொல்பவர் வியாபாரி. அந்த நிறத்துக்காகக் கொப்பரையில் மருந்தைத் தூவுபவர் விவசாயி. மாதிரி எடுத்துச் சோதிக்கும்போது அகப்படுபவரும் அவரே. ஹைட்ரோஸ் என்பது சோடியம் ஹைட்ரோசல்பைட் என்னும் வெளுப்பு உப்பு. துணிச் சாயத் தொழிலில் பயன்படுவது. இதனால் வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு தங்குகிறது. கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உணவுத் தர விதி. கண்ணளவில் அள்ளிப் போடும் ஆலையில் 70 மில்லிகிராம் என்ற கணக்கை யாரால் காக்க முடியும்? போட்டதன் பலனும் நிலைப்பதில்லை. இருப்பில் வைத்தால் காற்றுப்பட்டு நிறம் மறுபடியும் கறுக்கத் தொடங்குகிறது, சுவையும் கெடுகிறது. சில இடங்களில் சாற்றின் அழுக்கை எடுக்கச் சூப்பர் பாஸ்பேட் உரத்தைக்கூடப் போடுகிறார்கள். உர மூட்டையில் உள்ளது வயலுக்கு உரியது, கொப்பரைக்கு உரியதன்று.

நிறம் வயலில் தொடங்குகிறது

நல்ல நிறமுள்ள வெல்லத்தை மருந்தில்லாமல் எடுக்க இயலும். ஆனால் அதற்கான வேலை ஆலையில் தொடங்குவதில்லை. தழைச்சத்தைக் காலம் கடந்து இட்ட கரும்பில் சாறு சரியாக முதிராது, வெல்லம் இறுகாமல் கசியும், நிறமும் மங்கும். நட்ட 90 நாள்களுக்குள் தழைச்சத்து முழுவதையும் இட்டு முடித்துவிட வேண்டும் என்ற பரிந்துரை வெல்லத்துக்கு ஆட்டும் கரும்புக்கு மிகவும் பொருந்தும். உவர் நிலத்திலும் உப்பு நீரிலும் வளர்ந்த கரும்பு கறுத்த வெல்லத்தையே தரும். முதிர்ச்சி பார்த்து வெட்ட வேண்டும். வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் ஆட்டிவிட வேண்டும். களத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்த கரும்பைக் கொண்டுவந்து ஆட்டினால், பிறகு எந்த மருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஆலையில், சாற்றை வடிகட்டித் தெளிய வைத்தல், தெளிந்த சுண்ணாம்பு நீரை அளவாகச் சேர்த்தல், வெண்டைச் செடியின் தண்டையும் வேரையும் நசுக்கி எடுத்த வழவழப்பான நீரை ஊற்றி அழுக்கை மேலே திரட்டுதல், திரண்ட அழுக்கைக் கொதி வருமுன் முழுவதும் வாரி எடுத்தல் ஆகியவையே போதுமானவை. சுண்ணாம்பு மிகுந்தால் வெல்லம் கறுக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இவ்வளவும் நம் பெரியவர்கள் அறிந்திருந்த முறைகள். ஆலை வாடகைக்குக் கைமாறி, பாகு பதம் பார்ப்பவர் கூலிக்கு வருபவராக மாறிய பிறகு பல ஊர்களில் வழக்கொழிந்து போயின.

கிலோவுக்கு 70 மில்லிகிராம் என்ற விதியைக் காப்பதற்குத் தழைச்சத்து அட்டவணையும் வெட்டும் பருவமும் வெண்டைத் தண்டும் வேண்டியிருக்கின்றன. அவற்றைச் சொல்லித்தர வேண்டியவர்கள் வேளாண்மைத் துறையினரும் வேளாண் அறிவியல் நிலையத்தாரும். உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அது வேலையன்று. இரு தரப்பினரும் ஒருவரை ஒருவர் சந்திக்காமலேயே ஒரு பருவம் கழிந்துவிடுகிறது.

பதிவு என்ற முதல் படி

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. விவசாயிக்கும் அவர் நிலத்தளவில் விளைவித்த பொருளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று அதன் 18-ஆவது பிரிவு கூறுகிறது. இதை நம்பியே பலர் பதிவு செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். கரும்பு கரும்பாக இருக்கும் வரையில்தான் இந்த விலக்கு என்று கொள்வது நல்லது. சாற்றைக் காய்ச்சி வெல்லமாக விற்கும்போது அவரை உணவு உற்பத்தியாளர் என்றே துறை நடத்துகிறது.

சிறு உற்பத்தியாளருக்கு உரிமம் வேண்டியதில்லை, பதிவு போதும். 2011-ஆம் ஆண்டு விதிகள் இதற்கு ஆண்டு விற்றுமுதல் 12 லட்ச ரூபாய், நாள் உற்பத்தி 100 கிலோ என இரண்டு அளவுகளை வகுத்தன. பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.100 என வைத்தன. இந்த எண்களை வகுத்தவர்கள் ஊறுகாய், அப்பளம் போடும் வீடுகளை நினைத்திருப்பார்கள் போலும். வெல்ல ஆலை ஒன்றையும் நினைத்ததாகத் தெரியவில்லை. ஒரு டன் கரும்பிலிருந்து ஏறத்தாழ 100 கிலோ வெல்லம் கிடைக்கும். மின் மோட்டார் பூட்டிய ஆலை ஒரு டன் கரும்பைக் காலை வேளையிலேயே ஆட்டி முடித்துவிடும். எனவே நாளளவில் பார்த்தால் மிகச் சிறிய ஆலைகூட வரம்பைத் தாண்டியதாகிறது. ஆனால் அது ஓடுவது ஆண்டில் சில மாதங்களே. கிலோ 45 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால் 12 லட்ச ரூபாய்க்குச் சுமார் 27 டன் வெல்லம். அதற்குச் சுமார் 270 டன் கரும்பு. ஏக்கருக்கு 40 டன் வீதம் ஏழு ஏக்கருக்கும் குறைவான நிலம். தன் இரண்டு ஏக்கர் கரும்போடு பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவரின் கரும்பையும் ஆட்டுபவர் ஆண்டு அளவில் வரம்புக்குள்ளும் நாள் அளவில் வரம்புக்கு வெளியிலும் நிற்கிறார். வரம்பைத் தாண்டினால் பதிவு போதாது, உரிமம் வேண்டும். கட்டணம் நூறிலிருந்து ஆயிரங்களுக்கு ஏறும். கட்டட வரைபடம், தண்ணீர்ப் பரிசோதனைச் சான்று, இயந்திரப் பட்டியல் என்று காகிதங்களும் கூடும். பருவத் தொழிலுக்கு நாள் அளவை வைத்துப் பார்ப்பது பொருந்தாது. ஆண்டு அளவை மட்டுமே வைப்பதுதான் முறை. இவ்வளவுகளும் கட்டணங்களும் அவ்வப்போது திருத்தப்படுபவை. ஆகவே விண்ணப்பிக்கும் அன்று நடைமுறையில் உள்ளதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த நூறு ரூபாய்ப் பதிவுக்கு இடைத்தரகர்களிடம் பல மடங்கு கொடுத்தவர்கள் உண்டு. விண்ணப்பம் இணையம் வழியாக இருப்பதே அதற்குக் காரணம். பொதுச் சேவை மையத்தில் செய்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பம் கொடுத்த 7 நாள்களுக்குள் பதிவு தரவேண்டும், அல்லது மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிக்க வேண்டும் என்றும், 30 நாள்களுக்குள் ஒன்றும் தெரிவிக்கப்படாவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்றும் அதே 2011 விதிகள் கூறின. இதையும் சொல்லித்தர ஆள் இல்லை.

பொட்டலமிட்டு விற்க முன்வருபவருக்கு இன்னும் சில வாசல்கள் இருக்கின்றன. எடைக்கருவி முத்திரைக்கும், பொட்டலத்தின் மேல் எடை, விலை, தேதி, முகவரி அச்சிடுவதற்கும் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர். 14 இலக்கப் பதிவு எண்ணுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை. 2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டிய வெல்லத்துக்கு 5 சதவீத வரி விதிக்கப்பட்டதால் வரி அலுவலகமும் சேர்ந்தது. மூன்று அலுவலகங்களும் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் மூன்று திசைகளில் இருக்கும். ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போட்டு ஒரு முறை போய்வந்தவர் இரண்டாம் முறை போகமாட்டார். சிப்பமாகக் கட்டி மண்டிக்கே ஏற்றிவிடுவார்.

கடனோடு கட்டப்பட்ட துணை

துறைகள் கூடிச் செயல்பட முயன்றதே இல்லை என்று கூற முடியாது. 2020 ஜூன் 29-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் முறைப்படுத்தும் திட்டம் இவ்வகையில் நல்ல முயற்சி. முதலில் 5 ஆண்டுகளுக்கு என்று ரூ.10,000 கோடியில் வகுக்கப்பட்டு, பின்னர் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. இயந்திரச் செலவில் 35 சதவீதம், உச்ச அளவாக ரூ.10 லட்சம் மானியம். சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு ரூ.40,000 தொடக்க மூலதனம். மூத்த விவசாயிகள் நெல் பதன ஆராய்ச்சி நிலையமாக அறிந்திருந்த தஞ்சாவூர் நிறுவனத்துக்குப் பயிற்சிப் பொறுப்பும் தரப்பட்டது.

ஆனால் மானியத்தைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று அதில் இருந்தது. அதைப் பலர் கவனிக்கவில்லை. மாவட்டந்தோறும் வள நபர்கள் அமர்த்தப்பட்டனர். திட்ட அறிக்கை எழுதுவது, வங்கிக்கு அழைத்துச் செல்வது, உணவுப் பதிவு, தொழில் பதிவு, வரிப் பதிவு வாங்கித் தருவது எல்லாம் அவர் பொறுப்பு. வங்கி ஒப்புதல் தந்த ஒவ்வொரு கடனுக்கும் அவருக்கு ரூ.20,000. அதில் பாதி கடன் ஒப்புதலானதும். மறு பாதி, தொழிற்கூடம் அமைந்து, பதிவுகள் எல்லாம் முடிந்து, உணவுத் தர விதிக்குப் பொருந்திய பிறகு. விதியை நிறைவு செய்து கொடுத்தால்தான் முழுக்கூலி என்ற இந்த அமைப்பு மிகவும் அறிவுடையது.

குறை எங்கே என்றால், கடன் வாங்குபவருக்கு மட்டுமே இந்தத் துணை கிட்டியது. தந்தை காலத்து ஆலையும் கொப்பரையும் வைத்திருப்பவருக்குப் புதிய இயந்திரம் தேவையில்லை. அவருக்குக் கடனும் வேண்டாம். சொல்லப்போனால் கடனைக் கண்டு அவர் அஞ்சுகிறார். தேவைப்படுவது பதிவு, பரிசோதனை, முறையான காய்ச்சும் பயிற்சி ஆகிய மூன்று மட்டுமே. கடன் கோப்பு இல்லாத விவசாயியைத் தேடி வருவதற்கு வள நபருக்கு ஊதியம் ஏதும் இல்லை. ஆகவே அவர் வரவில்லை. அடுத்து எந்தத் திட்டம் வகுத்தாலும் விதிக்குத் துணை செய்வதைக் கடனிலிருந்து பிரித்துத் தனிப் பணியாக வைக்க வேண்டும். கடன் கேட்காத ஆலையை விதிக்குப் பொருந்தச் செய்தாலும் வள நபருக்குக் கூலி உண்டு என்று ஒரு வரி சேர்த்தாலே போதும்.

பிடிப்பவரே கற்றுக்கொடுத்தால் கண்டிப்பு தளர்ந்துபோகும் என்று அலுவலர்கள் சிலர் கூறுவார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சட்டமே கற்றுக்கொடுப்பதற்கு இடம் தந்திருக்கிறது. அதன் 32-ஆவது பிரிவின்படி, விதிக்கு மாறாக நடப்பவருக்கு நியமன அலுவலர் முன்னேற்ற அறிவிப்பு ஒன்று கொடுக்கலாம். எதில் குறை, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி, 14 நாள்களுக்குக் குறையாத தவணையும் தரவேண்டும். சரிசெய்யாவிட்டால்தான் உரிமத்தை நிறுத்திவைப்பது, ரத்துசெய்வது எல்லாம். கொட்டகைத் தரை, தண்ணீர், பாத்திரம், மூடிவைத்தல் போன்ற குறைகளுக்கு இந்த வழி முழுவதும் பொருந்தும். அந்த அறிவிப்பின் ஒரு படி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் போகவேண்டும். அங்கிருந்து ஒருவர் அந்த 14 நாள்களுக்குள் ஆலைக்கு வந்து சரிசெய்யும் வழியைக் காட்ட வேண்டும். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது, செய்து காட்டிக் கற்பிப்பதற்காகத்தான். வெல்லக் கொப்பரையும் அதற்குள் அடங்கும்.

சோதனை மார்கழியில் என்றால், முகாம் புரட்டாசியிலோ ஐப்பசியிலோ நடைபெற வேண்டும். இடம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். உணவுப் பாதுகாப்பு அலுவலர், முத்திரை ஆய்வாளர், வேளாண்மை அலுவலர், வேளாண் அறிவியல் நிலையத்தார் ஆகிய நால்வரும் ஒரே நாளில் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் மூன்று திசைக்கு அலைவது மிச்சம். நடமாடும் உணவுப் பரிசோதனை வண்டியையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தலாம். முதல் பருவத்தில் எடுக்கும் மாதிரி அறிவுரைக்காக மட்டும்; இரண்டாம் பருவத்திலிருந்து நடவடிக்கை என்று அறிவித்துவிட்டால் ஒளிந்து ஆட்டுபவர்கள் வெளியே வருவார்கள்.

இத்தனையும் செய்தபின் பழுப்பு வெல்லத்துக்கு விலை கிடைக்காவிட்டால் பயனில்லை. விற்பனைக்கூடத்தில் மருந்தில்லா வெல்லத்தைத் தனிக் குவியலாக வைத்து ஏலம் விடவேண்டும். கந்தக அளவைச் சோதித்த சீட்டு அதனோடு இருக்க வேண்டும். நிறத்தைக் கேட்காத வாங்குநர்கள் இருக்கிறார்கள். பழநித் திருக்கோயில் பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய நாட்டுச் சர்க்கரையைக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்தில் வாங்கி வருகிறது. பஞ்சாமிர்தத்துக்கு மஞ்சள் நிறம் யாரும் கேட்பதில்லை. அரசே பெரிய வாங்குநராக இருந்ததும் உண்டு. 2022 பொங்கலுக்கு 21 பொருள்கள் கொண்ட தொகுப்பில் வெல்லம் தரப்பட்டது. அது உருகி ஒழுகியதாகப் பல இடங்களில் புகார் எழுந்தது. 2023 பொங்கல் தொகுப்பு பச்சரிசி, சர்க்கரை, முழுக்கரும்பு, ரூ.1,000 என்று அமைந்தது, வெல்லம் இடம்பெறவில்லை. விழா நாளில் வீடுதோறும் போகும் வெல்லம் எவ்வளவு பெரிய சந்தை! சோதித்துச் சீட்டுக் கட்டிய வெல்லத்தை விற்பனைக்கூடங்களிலிருந்து நேரே எடுக்கும் ஏற்பாடு முன்பே இருந்திருந்தால் அந்தச் சந்தையை இழக்க நேர்ந்திராது.

துறைகள் கூடும்வரை விவசாயிகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆலைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, பருவம் தொடங்குமுன் நியமன அலுவலருக்கும் வேளாண் அறிவியல் நிலையத் தலைவருக்கும் ஒரே கடிதத்தில் முகாம் கேட்டு எழுதலாம். பதிவுச் சான்றைப் பிரதி எடுத்துக் கொட்டகையில் கண்ணில் படும்படி மாட்டவேண்டும். கரும்பு யாருடையது, எந்தத் தேதியில் வெட்டியது, எத்தனை கொப்பரை இறக்கியது, என்ன சேர்த்தது என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நாள்தோறும் எழுதிவைக்க வேண்டும். ஹைட்ரோஸ் டப்பா கொட்டகைக்குள் இருக்கலாகாது. கூலிக்கு வரும் பாகுக்காரர் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

அலுவலர் மாதிரி எடுக்க வந்தால் ஆலையை அணைத்துவிட்டு ஓடுவது நல்லதன்று. மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டம். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு நியமன அலுவலரின் காப்பில். நான்காவது பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி ஆலைக்காரர் கேட்கலாம். இதை மாதிரி எடுக்கும் அந்த வேளையிலேயே எழுத்தில் கேட்க வேண்டும். பகுப்பாய்வாளர் அறிக்கை பாதகமாக வந்தால், அது கைக்குக் கிடைத்த 30 நாள்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆகவே அறிக்கை வந்த உறையையும், அதன்மேல் உள்ள தபால் முத்திரைத் தேதியையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.